ஒன்பதாம் பத்தி

அத்தியாயம் 6

செத்தவனை முகத்தை வைத்து அடையாளம் காட்ட முடியவில்லை. எட்டுக் கிலோ சம்மட்டி மூன்று தடவை இறங்கிய இடத்தில் முகம் என்று எதுவும் மிச்சமில்லை. இடது முழங்கையில் இருந்த பழைய தீக்காயத் தழும்பைப் பார்த்துத்தான், "இவன் என் தம்பி" என்று சொன்னார் ஃபிட்டர். சொல்லிவிட்டு இரும்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது.

செத்தவன் அந்தப் பழைய இரும்பு யார்டின் சங்கச் செயலாளர். ரயில் பெட்டி, பாய்லர், கப்பல் தகடு என்று எது வந்தாலும் வெட்டி, நசுக்கி, எடை போட்டு அனுப்பும் இடம் அது. அறுபது பேர் வேலை செய்கிறார்கள். குவியலிலிருந்து தகடு சரிந்து விழுந்து செத்தான் என்று எழுதிக்கொண்டு போனது போலீஸ். "தகடு ஒரு தரம் விழும். மூணு தரம் விழுமாய்யா?" என்று சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். பதில் வரவில்லை. அதனால் கொக்கியைக் கூப்பிட்டார்கள்.

கொக்கி பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கியவன். மூட்டையைக் குத்தி இழுக்கும் கைக்கொக்கி இன்னும் அவன் இடுப்பில் இருக்கிறது. கிடங்கில் காணாமல் போன சரக்கைத் தேட ஆரம்பித்தவன், காணாமல் போன ஆட்களைத் தேடுவதில் வந்து நின்றான். அவனுக்கு உதவியாள் ஊசி. உடம்பும் ஒல்லி, வாயும் கூர்மை, அதனால் அந்தப் பெயர். வலைப்பக்கம் கட்டுவதில் கெட்டிக்காரி. மூட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தான்தான் தூக்குவதாக அவளுக்கு ஒரு குறை உண்டு.

பத்து மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. யார்டு வாசலுக்கு எதிரே, டயர் கடைக்கு மேலே, வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. ஜன்னலில் கிரேனின் கழுத்து தெரிந்தது.

"இன்னொரு தரம் சொல்லு," என்றான் கொக்கி. "எனக்குப் புரியற மாதிரி."

"உங்களுக்குப் புரியற மாதிரின்னா மூட்டையை வச்சுத்தான் பாஸ் சொல்லணும்."

"சொல்லேன்."

"வாசல்ல ஒரு காவலாளி. ஒரு மூட்டை உள்ள வருது. பாதி மூட்டை வாசலைத் தாண்டுனா விசில் அடிக்கணும். அவன் வேலை அவ்வளவுதான். இங்க வாசல்னா போன் திரை. மூட்டைன்னா ஒன்பதாம் பத்தி. படிக்கிறவன் விரலால பக்கத்தைத் தள்ளிக்கிட்டே வரான். அந்தப் பத்தி பாதி திரைக்குள்ள தலை காட்டுனதும் எனக்கு விசில் வரும். யாரோட போன், திறந்து எத்தனை வினாடியில வந்தான், எவ்வளவு நேரம் அங்கயே நின்னான், எல்லாம் வந்துடும்."

"ஒவ்வொரு தள்ளலுக்கும் அளந்துகிட்டே இருக்கணுமே?"

"அது பழைய முறை. அளந்து அளந்தே போன் மூச்சு வாங்கும். இப்ப பக்கம் எழுதுற மொழியே, ஜாவாஸ்கிரிப்ட், காவலாளியைக் கொடுத்துடுது. எனக்குப் பத்து வரி எழுதுற வேலை. விசில் அடிக்காத நேரமெல்லாம் அவன் தூங்குவான், உங்கள மாதிரி."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர் லேசாகச் சிரித்தார். செத்தவனின் அண்ணன். சங்கத்தின் சார்பில் கூடவே இருந்து உதவுகிறேன் என்று தானாக முன்வந்த மனிதர். எட்டு நாளாக லீவு போட்டுவிட்டு, காலையில் வந்தால் இருட்டும்வரை இருப்பார். டீ வாங்கி வருவார். யார்டில் யார் எப்படி என்று கேட்டால் சொல்லுவார். வெளியாட்களிடம் வாய் திறக்கப் பயப்படும் அந்த யார்டில், ஊசிக்கும் கொக்கிக்கும் கண் காது எல்லாமே அவர்தான்.

பொறியில் வைத்த இரை இதுதான். சங்கத்தின் வலைப்பக்கத்தைச் செத்தவன்தான் நடத்திவந்தான். அதன் சாவி இப்போது ஊசியிடம். அதில் ஒரு மூலையில், யாருக்கும் காட்டாமல், அவன் ஏழு படங்களைப் போட்டு வைத்திருந்ததை அவள் கண்டுபிடித்தாள். ரெண்டு மாதத்துக்கு முன் கிரேன் சங்கிலி அறுந்து ஒரு தொழிலாளியின் ரெண்டு காலும் போன விபத்தின் படங்கள். அவற்றில் ஆறை எடுத்து, நடுநடுவே ரெண்டு ரெண்டு வரியாக ஒன்பது பத்தி எழுதி, 'செயலாளர் நினைவுக் கூட்டம்' என்று தலைப்புப் போட்டாள். ஏழாவது படம் வெறும் கறுப்பும் வெள்ளையுமாக, எதையோ மூக்கு முட்டப் பக்கத்தில் போய் எடுத்தது. ஒன்றும் புரியாததால் விட்டுவிட்டாள்.

முதல் எட்டுப் பத்தியும் கொட்டாவி. கூட்டம் எங்கே, யார் தலைமை, யார் நன்றியுரை. ஒவ்வொரு படமும் ஒரு திரை உயரம். சம்பந்தமில்லாதவன் ரெண்டாவது படத்தோடு போனைப் பைக்குள் போட்டுவிடுவான். உயிர் பயத்தில் இருப்பவன்தான் கடைசிவரை தள்ளுவான். தள்ளினால் ஒன்பதாம் பத்தி சொல்லும்: 'கொலை செய்த சம்மட்டி வடக்குக் குழியில் கிடப்பதாகத் தகவல். நாளை காலை குழி இறைக்கப்படும்.'

மூன்று பேர் மேல் சந்தேகம். செத்த அன்று மத்தியானம் அவனோடு கைகலப்பு வரை போன கிரேன்காரர். பிணத்தை முதலில் பார்த்த வெட்டுக்காரன், தகட்டைக் காஸ் வைத்து வெட்டுபவன். ஆறு மணிக்கே போய்விட்டதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிக்கு வாசலில் தென்பட்ட எடைமேடைக்காரர். மூவருக்கும் தனித்தனி லிங்க். யார்டு வழக்கப்படி வேலை நேரத்தில் எல்லாப் போனும் வாசல் அறை மரத்தட்டில், டோக்கன் நம்பர் போட்டு உறங்கும். பத்து மணிச் சங்கு ஊதினால் இருபது நிமிஷம் கையில் கிடைக்கும்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தரம் சோதிச்சுப் பாத்தியா?" என்று கேட்டான் கொக்கி.

"என் கணினியில பாத்தேன். கச்சிதம். போன்ல பாக்கணும். என் போன் நேத்து உங்க புண்ணியத்துல டீக்குள்ள குளிச்சது, இன்னும் மயக்கம் தெளியல. உங்க போன்ல நம்பர் அழுத்துறதே பெரிய விஷயம். ஃபிட்டரண்ணே, உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

ஃபிட்டர் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு லிங்க்கைத் திறந்தார். முதல் படம் வந்ததும் அவர் விரல் நின்றது. அறுந்த சங்கிலி மண்ணில் கிடக்கும் படம்.

"இந்தப் படமெல்லாம் எங்கம்மா கிடைச்சது?"

"உங்க தம்பி போட்டு வச்சிருந்ததுதான்ணே. வருத்தமா இருந்தா தள்ளிடுங்க."

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். மெதுவாகத் தள்ளினார். ஒவ்வொரு படமாகக் கடந்து அடிக்கு வந்தபோது ஊசியின் கணினி 'கிணிங்' என்றது. திறந்து நாற்பத்தோரு வினாடி.

"பாத்தீங்களா பாஸ்! முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. சரியா அந்த இடத்துல அடிக்கிறான் விசில்."

சங்கு ஊதியது. ஊசி மூன்று லிங்க்கையும் அனுப்பினாள்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. ரெண்டாவது நிமிஷம் கணினி கத்தியது. திரையைப் பார்த்ததும் அவள் வாய், மூளையைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"கிரேன்காரர்! திறந்ததும் அடியில நிக்கறார் பாஸ்! அரை வினாடி!"

சொல்லி முடிக்கவில்லை, ஃபிட்டர் எழுந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் கிடந்த கடப்பாரை அவர் கைக்கு வந்தது.

"இருங்க, இது சாட்சி இல்ல, சந்தேகம்தான்," என்று குறுக்கே போனான் கொக்கி.

கடப்பாரையின் அடிமுனை அவன் வயிற்றில் இறங்கியது. மூட்டை தூக்கிய உடம்பு ரெண்டாக மடிந்தது. மடிந்த முகத்தில் ஒரு முழங்கால். மூக்கிலிருந்து ரத்தம் தரையில் கோடு போட்டது. கதவு சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"பாஸ்!"

"மூக்குதான். போனாப் போவுது." கொக்கி தோளால் கதவை இடித்தான். பழைய தேக்குக் கதவு அசையவில்லை. "தம்பி செத்த வெறி. அவன் அந்த ஆளைக் கொன்னுடுவான்."

கணினி மறுபடி 'கிணிங்' என்றது. உடனே இன்னொன்று.

ஊசி திரும்பிப் பார்த்தாள். வெட்டுக்காரன், அரை வினாடி. எடைமேடைக்காரர், அரை வினாடி.

"பாஸ், கொஞ்சம் இடிக்கறத நிறுத்துங்க."

"அங்க ஒருத்தன் சாகப்போறான்!"

"மூணு பேரும் அரை வினாடியில அடிக்குப் போயிருக்காங்க. ஆறு படம் தாண்டி. மனுஷ விரலால முடியாது."

"அப்புறம்?"

அவள் தான் எழுதிய வரிகளைத் திறந்து பார்த்தாள். "படம் வந்து சேரல. யார்டுல சிக்னல் நொண்டி. எழுத்து முதல்ல வந்துடும், படம் பின்னாலதான் வரும். படம் வரவரைக்கும் அதுக்கு உயரம் கிடையாது. உயரத்தை நான் முன்னாடியே எழுதி வச்சிருக்கணும், எழுதல. ஒன்பது பத்தியும் ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரே திரைக்குள்ள அடங்கிடுச்சு. ஒன்பதாம் பத்தி தானா திரைக்குள்ள வந்து நின்னுது. காவலாளி விசில் அடிச்சுட்டான். யாரும் ஒரு இம்மி கூடத் தள்ளல பாஸ். கிரேன்காரர் ஒண்ணுமே பண்ணல."

கொக்கி ரத்தத்தைச் சட்டையில் துடைத்தான். அவன் மெதுவாக யோசிப்பவன், ஆனால் நழுவ விடமாட்டான். "அப்ப ஃபிட்டர் போன்ல மட்டும் எப்படிச் சரியா வந்துது?"

"அவருக்கு நம்ம அறையில நல்ல சிக்னல்..." அவள் நிறுத்தினாள். அங்கேயும் படம் வர ஒரு கணமாவது ஆகும். அந்த ஒரு கணம் போதும் விசில் அடிக்க. விரல்கள் தட்டிக்கொண்டே போயின. எந்தப் போன் எப்போது எந்தப் படத்தைக் கேட்டது என்று பதிவு ஒன்று உண்டு.

கிரேன்காரர் போன், ஆறு படம் கேட்டிருக்கிறது. வெட்டுக்காரன், ஆறு. எடைமேடை, ஆறு.

ஃபிட்டரின் போன் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"கேக்கல," என்றாள். "ஆனா ஆறு படமும் தெரிஞ்சுது, நானே பக்கத்துல நின்னு பாத்தேன். போன் ஒரு தரம் பாத்த படத்தை எடுத்துத் தனக்குள்ள வச்சுக்கும் பாஸ். மறுபடி அதே படம் வந்தா வெளிய கேக்காது, உள்ளருந்தே எடுத்துக் காட்டும். என் கணினியிலயும் அதனாலதான் சரியா வந்துது, பக்கத்தைக் கட்டுனவளே நான்தானே. யாருக்கும் காட்டாம வச்சிருந்த படத்தை அந்த ஆள் ஏற்கனவே பாத்திருக்கான். தம்பி அவனுக்கு மட்டும் அனுப்பியிருக்கான்."

"எங்க கிடைச்சதுன்னு நம்மளக் கேட்டானே."

"கேட்டான்."

"தம்பிக்காகக் கொல்லப் போறவன் நம்மள எதுக்கு உள்ள வச்சுத் தாழ் போடணும்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை கொக்கி. இடுப்பிலிருந்து கைக்கொக்கியை உருவி, கதவின் கீல் பக்கம் மரத்துக்குள் குத்தி, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். நூறு கிலோ மூட்டையை அசைத்த தோள். கீல் ஆணியோடு பிய்ந்து வந்தது.

"உன் வாய் இருக்கே..." என்றான் படியில் இறங்கிக்கொண்டே.

"அப்புறம் திட்டுங்க பாஸ். ஓடுங்க."

சாலையைக் கடக்கும்போதே சத்தம் கேட்டது. எந்த யார்டிலும் இடைவேளைக்கு அந்தச் சத்தம் வராது.

கிரேன் ஏணியிலிருந்து கிரேன்காரரைப் பிடித்து இழுத்துப் போட்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். கீழே விழுந்ததில் ஒரு கால் திருகியிருந்தது. வாய் உடைந்து, பற்கள் மோவாயில் ஒட்டியிருந்தன. யாரோ பூட்ஸ் காலால் வலது கையை மிதித்துத் திருக, எலும்பு நொறுங்குவது ஊசியின் காதுக்கே கேட்டது. சுற்றி அறுபது பேர். கையில் கம்பி, ஸ்பானர், கிடைத்ததெல்லாம். நடுவில் ஃபிட்டர்.

"துப்பறிய வந்தவங்களே சொல்லிட்டாங்க! இவன் பேரைத்தான் சொன்னாங்க! என் தம்பி மூஞ்சிய எடுத்தவன் இவன்தான்!"

"நான் இல்லப்பா... பிள்ளைங்க மேல சத்தியமா..." என்றார் கிரேன்காரர். பல் இல்லாத வாயில் சொல் நுரையாக வந்தது.

ஃபிட்டர் கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சம்மட்டியை எடுத்தான். தலைக்கு மேல் போனது. இறங்கியது.

கொக்கியின் கைக்கொக்கி கைப்பிடியைப் பாதி வழியில் கவ்வியது. சம்மட்டி திசை மாறி, கிரேன்காரரின் காதுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் புதைந்தது. அடுத்த நொடி கொக்கியின் முதுகில் கம்பி விழுந்தது. ரெண்டாவது, மூன்றாவது. அவன் கிரேன்காரரின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டான், மழையில் சரக்கை மூடுகிற தார்ப்பாய் மாதிரி.

"இவர் இல்ல! நான் தப்பாச் சொல்லிட்டேன்!" ஊசி கத்தினாள். அவள் குரல் அந்த இரைச்சலில் எங்கே எடுபடும்? எடைமேடை மேல் ஏறினாள். அங்கே லாரி வந்தால் ஊதும் சங்கு ஒன்று உண்டு. கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். அது காது கிழிய ஊதியது. வேலைக்காரர்களுக்குச் சங்கு என்றால் கை நின்றுவிடும். அந்தப் பழக்கம் அன்று ஒரு உயிரைக் காப்பாற்றியது.

"எல்லார் கையிலயும் போன் இருக்கா?" என்றாள். "ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க. அதுக்கப்புறம் என்னையே வேணும்னாலும் அடிங்க."

"பொம்பள பேச்சக் கேட்டு..." என்று ஃபிட்டர் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருய்யா," என்றான் ஒரு குரல். வெட்டுக்காரன். உதட்டோரம் சுருட்டு, புருவம் தீயில் கருகிய ஆள். "சொல்லும்மா."

எடைமேடைக்காரரின் மேஜைக் கணினியில் உட்கார்ந்தாள். ஏழாவது படத்தைச் சங்கத்தின் வலைப்பக்கத்திலிருந்து அடியோடு அழித்தாள். நகல் அவள் அறையில் பத்திரம். பிறகு ஒரே ஒரு படம் மட்டும் கேட்கும் ஒரு வெறும் பக்கம். அதே ஏழாவது படம். சங்கக் குழுவுக்கு அனுப்பினாள். அறுபது பைகளிலும் சத்தம் வந்தது.

"திறங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. காலிக் கட்டம்."

"எனக்கும் காலி."

"கிழிஞ்ச படம் மாதிரி ஒரு பொம்மை வருது."

"வரத்தான் செய்யும். செத்துப் போன செயலாளர் எடுத்த படம் அது. இப்ப அது அந்த இடத்துல இல்ல, நான் அழிச்சுட்டேன். யாருக்கும் வராது. இதுக்கு முன்னாடியே அவரு அனுப்பி, அதைப் பாத்தவன் போன்ல மட்டும் வரும். போன் மறக்காது." சொன்ன பிறகுதான் ஊசிக்குச் சந்தேகம் வந்தது. மறக்காது என்று யார் சொன்னது? இடம் போதாவிட்டால் போனும் பழையதைத் தூக்கி எறியும். ஆறு படம் இருந்ததே, ஏழாவதும் இருக்கும். இருக்க வேண்டும். "ஃபிட்டரண்ணே, நீங்க திறக்கலியே?"

"எனக்கெதுக்கு?" என்றான் ஃபிட்டர். அவன் கை சட்டைப் பைக்குப் போனது. திறக்க அல்ல, வெளியே எறிய. போன் பாய்லர் தகட்டை நோக்கிப் பறந்தது. வெட்டுக்காரன் பூனை மாதிரி பாய்ந்து ஒரு கையில் பிடித்தான். இன்னொரு கையால் ஃபிட்டரின் கட்டை விரலைப் பின்னுக்கு மடக்கினான். மடக்கிய விரலையே போன் முகத்தில் வைத்து அழுத்தினான். பூட்டுத் திறந்தது.

லிங்க்கைத் தொட்டான்.

படம் வந்தது.

ஒரு சங்கிலிக் கண்ணி, திரை முழுக்க. அதில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். விரிசலின் உள்ளே, ஆழம் வரை, வெள்ளைப் பெயிண்ட்.

ஊசிக்கு அது இப்போதும் புரியவில்லை. அங்கிருந்த அறுபது பேருக்கும் பார்த்ததுமே புரிந்தது. போன் கை மாறிக்கொண்டே போனது.

"தினம் காலையில சங்கிலியைத் தட்டிப் பாத்து, நல்லாருக்குன்னா ஒரு வெள்ளைக் கோடு போடணும்," என்றார் எடைமேடைக்காரர், யாரிடம் என்றில்லாமல். "விரிசல் விட்டதுக்கு அப்புறம் அடிச்சாத்தான் பெயிண்ட் உள்ள போகும். பாக்காமலே அடிச்சிருக்கான்."

"யாரு அடிக்கிறது அந்தக் கோடு?" என்று கேட்டாள் ஊசி.

எல்லோரும் ஃபிட்டரைப் பார்த்தார்கள்.

"என் மாமாவோட ரெண்டு காலு," என்றான் வெட்டுக்காரன். சுருட்டு கீழே விழுந்தது. "அந்தச் சங்கிலி."

"கையைக் காலைப் பிடிச்சேன்டா அவனை!" ஃபிட்டர் வெடித்தான். "கூடப் பிறந்தவன்டா நான்! கூட்டத்துல நீயே எழுந்து ஒத்துக்கண்ணே, இல்லன்னா நான் காட்டுவேன்னான். இருபத்தாறு வருஷ வேலை! ஜெயிலுக்குப் போவேன்டா நான்! தள்ளி விட்டேன், சிரிச்சான். சிரிக்காதேன்னேன். கேக்கல. கையில சம்மட்டி இருந்துச்சு..."

"ஒரு அடி சரி," என்றான் கொக்கி தரையிலிருந்து. "மிச்சம் ரெண்டு?"

ஃபிட்டர் குனிந்து மண்ணிலிருந்த கடப்பாரையைப் பறித்துச் சுழற்றினான். எழ முயன்ற கொக்கியின் முன்கையில் விழுந்தது. கை முழங்கைக்குக் கீழே இன்னொரு மூட்டு முளைத்தது மாதிரி வளைந்தது. ஃபிட்டர் வாசல் பக்கம் திரும்பினான். நான்கு அடிதான் வைத்தான். வெட்டுக்காரன் வீசிய சங்கிலி கணுக்காலைச் சுற்றியது. முகம் மண்ணில் மோதியது. அடுத்த கணம் அறுபது பேரும் அவன் மேல் இருந்தார்கள். சற்று முன் கிரேன்காரரின் மேல் விழுந்த அதே கம்பிகள்.

தொங்கும் கையோடு கொக்கி அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தான். ஒற்றைத் தோளால் ஒவ்வொருத்தனாக விலக்கினான்.

"விடுங்கடா! கொஞ்சம் முன்னாடி ஒருத்தரை அடிச்சீங்களே, அப்பவும் இப்படித்தானே உறுதியா இருந்தீங்க? விடு! இவன் கோர்ட்டுல நின்னு சொல்லணும். செத்தவன் சொல்லமாட்டான்!"

மூன்று அடி அவன் மேலும் விழுந்தது. நான்காவது விழவில்லை. ஒரு கம்பி கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஃபிட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், பாதி மூக்கு வழியாக.

யாரோ போலீசுக்குப் பேசினார்கள். யாரோ யார்டின் சின்ன லாரியைப் பின்னால் எடுத்து வந்தார்கள். தகடு ஏற்றும் பலகையில் கோணிகளை விரித்துக் கிரேன்காரரைத் தூக்கி வைத்தார்கள். தூக்கியவர்களில் நாலைந்து பேர் சற்று முன் அடித்தவர்கள்தான். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊசி அருகில் போனாள். வலது கை ஒரு கோணித் துண்டில் சுற்றியிருந்தது. நெம்புகோலை ஒரு விரல் அகலம் நகர்த்தி ரெண்டு டன் இரும்பை முட்டை மாதிரி இறக்கி வைக்கிற கை என்று யாரோ சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். துணிக்குள் விரல்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று தெரியவில்லை.

கிரேன்காரர் கண்ணைத் திறந்தார். ஒரு கண்தான் திறந்தது.

"என் பேரை முதல்ல சொன்னது யாரு?"

கொக்கி முந்திக்கொண்டான். "நாங்கதான்ணே. எங்க ரெண்டு பேர் தப்பும்..."

"நான்தான்," என்றாள் ஊசி. "இவர் இல்ல. நான்."

"பாத்தியா நீ? நான் அவனை அடிச்சத?"

"இல்ல."

"அப்புறம்?"

ஊசி அவர் காதருகே குனிந்தாள். "ஒரு போன்ல சோதிச்சுப் பாத்தேன். சரியா வந்துது. எல்லாத்துலயும் சரியா வரும்னு நினைச்சுட்டேன். உங்க பேரு முதல்ல வந்துது. கத்திட்டேன்."

லாரி உறுமிக்கொண்டு நின்றது. கிரேன்காரர் வாயில் ஊறிய ரத்தத்தைப் பக்கவாட்டில் துப்பினார்.

"என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்கு வருவா. இந்தக் கையைப் பாப்பா. யாரு என்னன்னு கேப்பா. என்னால பேச முடியாது." மூச்சு வாங்கினார். "ஏறு. நீயே சொல்லு அவகிட்ட. இப்ப எங்கிட்டச் சொன்ன மாதிரியே."

கொக்கி ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் வேணும்னா..." என்றான்.

ஊசி தலையை ஆட்டினாள். சக்கரத்தில் கால் வைத்து லாரிக்குள் ஏறி, அவர் தலை ஆடாமல் இருக்கத் தன் மடியை வைத்து உட்கார்ந்தாள்.

"எடுங்க," என்றாள் ஓட்டுநரிடம்.